செல்போன் சொன்ன மழை

மூன்று வருசத்துக்கு முந்தி, புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே எங்களுக்கு ஐந்து ஏக்கர். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கம்மாய்த் தண்ணீர் எங்கள் வயலுக்கு எட்டாது. முழுக்க வானம் பார்த்த பூமி. கிழக்கே கடல் பக்கம் சரியச் சரிய உவர் ஏறிக்கொண்டே போகும்.

கோடை உழவு போட்டு நிலம் மாவு மாதிரி புழுதியாகக் கிடந்தது. அன்று காலை செல்போனில் ஒரு செய்தி வந்தது. மாவட்டத்தில் அடுத்த மூன்று நாளைக்கு மிதமான மழை முதல் கனமழை வரை பெய்ய வாய்ப்பு, நேரடி நெல் விதைப்பை மேற்கொள்ளலாம் என்று. எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றிலும் இதே மாதிரிதான் வருகிறது.

சின்னம்மா (எங்கள் சித்தப்பா வீடு, பக்கத்து வயல்காரர், அறுபது வயது தாண்டியவர்) அன்று மாலை வரப்பில் நின்று கேட்டார். "என்னப்பா, வெதைக்கவா போற? கெழக்க இன்னும் மின்னலே எறங்கலையே."

"போன்ல வந்திருக்கு சின்னம்மா."

"போன்ல வந்தா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் விதைக்கவில்லை.

மூன்று ஏக்கரில் குழியடிச்சான் விதைத்தேன். ஏக்கருக்கு 30 கிலோ. ஆறு வருசமாகக் கலப்பில்லாமல் காப்பாற்றி வந்த சொந்த விதை. உவரையும் வறட்சியையும் தாங்குகிற ரகம். எங்கள் கரையோரத்துக்கென்றே அமைந்தது.

புழுதி விதைப்பு செய்கிறவர்களுக்கு இதன் கணக்கு தெரியும். காய்ந்த மண்ணுக்குள் கிடக்கிற விதைக்கு ஒன்றும் ஆகாது. எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம் வாரக்கணக்கில் பொறுத்திருக்கும். நல்ல மழை அடித்தால் முளைத்து ஓடிவிடும். ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. விதையை எழுப்பிவிட்டு, பிறகு கைவிடுகிற மழை.

எங்களுக்குப் பெய்தது அந்த மழை. இரண்டாம் நாள் ராத்திரி புழுதி அடங்குகிற அளவுக்கு ஒரு தூறல், மறுநாள் இன்னும் கொஞ்சம். விதை கண் விழித்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் சுட்டெரிக்கிற வெயில். பச்சை ஊசியாக எழுந்த முளையெல்லாம் என் கண் முன்னால் வைக்கோல் நிறத்துக்குப் போனது.

செய்தி பொய்யில்லை. அந்த மூன்று நாளில் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் மழை கொட்டத்தான் செய்தது. நம்முடைய மாவட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, நுனியில் ராமேஸ்வரம் தீவு. எங்கள் வயலிலிருந்து ராமேஸ்வரம் போக, சாலை வழியாக எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. 2024 நவம்பர் 20ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபமெல்லாம் தண்ணீரில் மிதந்தன. அதே நாளில் ராமநாதபுரம் நகரத்தில் பெய்தது அதில் பாதிகூட இல்லை. தீவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அன்றைக்கு உள்நாட்டு வட்டாரத்துக்காரன் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டு பேருக்கும் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று ஒரே வரி போதும் என்று நினைப்பதில்தான் முதல் கோளாறு.

மானாவாரிக்காரனுக்குத் தேவைப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்று. என் வயலில் விழப்போவது விதையை எழுப்புகிற மழையா, வளர்க்கிற மழையா? செல்போன் அதற்குப் பதில் சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்றும் சொல்லவில்லை. 'விதைப்பை மேற்கொள்ளலாம்' என்று சொன்னது.

அந்த ஐப்பசியில் மறுபடி விதைக்க என்னிடம் விதை இல்லை. 90 கிலோவையும் மண்ணில் போட்டிருந்தேன். குதிரில் ஒரு மரக்கால்கூட மிச்சமில்லை. ஆறு வருச விதை ஒரு குறுஞ்செய்தியில் போனது. காப்பாற்றியது சின்னம்மாதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் என்னிடமே வாங்கிப்போய் விதைத்தவர். அவர் வீட்டில் இருந்ததிலிருந்து முப்பது கிலோ அளந்து கொடுத்தார். "ஒன் வெதைதானப்பா, எடுத்துக்க" என்றார். ஒரு ஏக்கர் தேறியது. மற்ற இரண்டு ஏக்கரும் அந்த வருசம் தரிசு.

இதைப் படித்துவிட்டு, இவர் தொழில்நுட்பத்துக்கு எதிரி, பழம்பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் செயலியை 'ஆப்பு' என்றுதான் சொல்கிறார்கள், அதில் கொஞ்சம் கிண்டலும் உண்டு. ஆனாலும் என் செல்போனில் இன்றைக்கும் மூன்று ஆப்பு இருக்கிறது. 2018இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலி, அடுத்த வருசம் இந்திய வானிலைத் துறை கொண்டுவந்த மேகதூத், இன்னும் ஒன்று. காலையில் எழுந்ததும் ராடார் படம் பார்க்கிறவன் நான். கட்டணமில்லாத கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, அது 2004 ஜனவரியில் ஆரம்பித்தது, எனக்கு மனப்பாடம். வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கே முட்டுகிறது என்று நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 'விவசாயிகளுக்குப் படிப்பறிவு இல்லை, செல்போன் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று நம் தலையிலேயே பழியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். யூடியூபில் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக் கற்றுக்கொள்கிற பையன்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பிரச்சினை விரலில் இல்லை.

மிளகாய்க் கதையையும் சொல்கிறேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாருக்கும் பெருமைதான். போன வருசம் தை மாதம் என் மிளகாய்க் கொல்லையில் துளிர் சுருட்ட ஆரம்பித்தது. செடியைப் படம் எடுத்துப் போட்டால் நோயைச் சொல்லும் செயலி ஒன்றை மகன் இறக்கிக் கொடுத்தான். படம் எடுத்தோம். 'இலைச்சுருள் வைரஸ், பாதிக்கப்பட்ட செடிகளைப் பிடுங்கி அழிக்கவும்' என்றது. காய்க்கத் தொடங்கிய கொல்லை. பிடுங்க மனசு வரவில்லை. ஓர் உதவி எண்ணுக்குப் போட்டேன். பேசியவர் மரியாதையான பிள்ளை. முழுக்கக் கேட்டார். ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, லிட்டருக்கு இத்தனை மில்லி என்றார்.

"தம்பி, நான் இயற்கை வேளாண்மை. மருந்து அடிக்கிறதில்ல. அதுக்கு என்ன செய்யலாம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு எங்ககிட்ட பரிந்துரை இல்லைங்க ஐயா. வேணும்னா வேப்பெண்ணெய் அடிங்க."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். எதிரில் கணினியில் என்ன திறந்திருக்கிறதோ அதைத்தானே படிக்க முடியும். அதில் என்ன ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பல வருசமாகச் சேர்த்துவைத்த சாகுபடிப் பரிந்துரைகளில் பூச்சி என்றால் மருந்து, மஞ்சள் என்றால் உரம். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் அதில் கடைசி வரியில் வந்தால் பெரிய விசயம். 2023 மார்ச்சில் தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கை இந்தக் கணினித் திரை வரை இறங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை நவீனமான செயலி வந்தாலும் நமக்கு அது பழைய உரக்கடைக்காரர் பேச்சுத்தான், கையில் செல்போனோடு.

கடைசியில் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு இயற்கை உழவர் நண்பர் வந்தார். ஒரு துளிரைக் கிள்ளினார், திருப்பிப் பார்த்தார். "அண்ணே, எல மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டா இலைப்பேன். கீழ்நோக்கிக் கவுந்த படகு மாதிரி சுருண்டா சிலந்திப்பேன். இது கவுந்திருக்கு பாருங்க. காம்பு நீண்டிருக்கு. வைரஸ்னா எல சிறுத்து, சொரசொரன்னு மேடுபள்ளமா இருக்கும், செடி குட்டையா நிக்கும்." மகன் எடுத்த படம் மேலிருந்து எடுத்தது. இலை எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்று அதில் தெரியவே இல்லை. திருப்பிப் பார் என்று செயலி கேட்கவும் இல்லை. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, நூறு லிட்டர் தண்ணீருக்கு வடிகட்டிச் சேர்த்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடித்தோம். கொல்லை முழுதும் தேறியது என்று பொய் சொல்லமாட்டேன். முக்கால் பங்கு தேறியது. பிடுங்கிப் போட்டிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது.

அதே நண்பர் இன்னொன்றும் சொன்னார். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைக் காலி செய்ததே ஒரு புதுக் கறுப்பு இலைப்பேன், பூவுக்குள் உட்கார்ந்து உறிஞ்சுவது, அதைப் பற்றி அவருக்கு முதன்முதலில் தெரியவந்தது செல்போன் வழியாகத்தான். நம் தாத்தா பார்த்திராத பூச்சி அது. எந்தப் பாட்டி வைத்தியத்திலும் அதற்குப் பெயர் கிடையாது. இப்படிப் புதுசாக வருகிறவற்றுக்குத் தூரத்துச் செய்தி வேண்டும். வயலில் நின்று இலையைத் திருப்பிப் பார்க்கிற கண்ணும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை ஒழிக்கப் பார்ப்பதில்தான் சங்கடம்.

அடுத்தது பெண்கள். களை எடுப்பது, மிளகாய் பறிப்பது, விதை தெரிவது, ஆடு மாடு பார்ப்பது எல்லாம் யார்? செல்போன் யாரிடம் இருக்கிறது? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில், தானே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருப்பவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 54 பேர். இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் 33 பேர். தமிழ்நாடு இதைவிட மேல்தான். ஆனால் நம் வயல்களில் பாதி நாள் நிற்கிறவர்கள் அந்த 49 வயதையும் தாண்டியவர்கள். அந்தக் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

சின்னம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அதில் பதிவு செய்த குரலில் ஆலோசனை வரும் ஒரு சேவையில் பேரன் சேர்த்துவிட்டான். பகல் பதினொரு மணிக்கு வரும். களைவெட்டியைப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுப்பார். ஒரு வாரம் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்தப் பொம்பளப் புள்ள நல்லாத்தாம்ப்பா பேசுது. ஆனா நாங் கேக்குறதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குது. நாம்பாட்டுக்குக் கேக்குறேன், அது பாட்டுக்குப் பேசுது." சிரித்தோம். ஆனால் இதைவிடச் சுருக்கமாக இந்தக் குறையை எந்த ஆய்வறிக்கையும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதிலும் எக்டருக்கு இத்தனை கிலோ என்று வருகிறது. சின்னம்மாவுக்குக் குறுக்கமும் மரக்காலும்தான் கணக்கு.

பதிவு செய்கிற பாட்டை நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். தாத்தா பேரில் கூட்டுப் பட்டா. ஆதாரில் இருக்கிற நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர். ஓ.டி.பி. போவது வளைகுடாவில் இருக்கிற தம்பியின் போனுக்கு, அங்கே அவன் ஷிப்டில் இருப்பான். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர் பட்டா எண் கேட்கிற இடத்தில் என்ன எழுதுவார்? பயிர் அவருடையது, நோய் அவருடைய பயிருக்கு, ஆலோசனை மட்டும் பட்டாக்காரருக்கு.

இதில் ஒரு பக்கக் கேள்வியும் உண்டு. எந்த வயலில் என்ன விளைகிறது என்று நம்மிடமிருந்து எடுக்கிற வேகம், நமக்குப் பதில் சொல்வதில் இல்லை. 2024இல் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். வெயிலில், புதரில், செல்போனும் கையுமாக அந்தப் பிள்ளைகள் அலைந்தார்கள். வேளாண்மை படிக்கிற பிள்ளை வயலுக்கு வந்தும் உழவனிடம் நாலு வார்த்தை பேச நேரமில்லாமல் புல எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு ஓடவேண்டியதானது.

நம் கரையில் இதெல்லாம் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துப் பாருங்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தூரத்திலிருந்து பார்த்து, ஒன்றா மூன்றா என்று படித்துவிடுவார். பதிவு இல்லை, ஓ.டி.பி. இல்லை, சார்ஜ் தீராது. அதில் மொத்தம் பதினொரு எண். பத்து என்றால் பெரும் அபாயம் என்று எல்லாருக்கும் தெரியும். பதினொன்றுக்கு என்ன பொருள் தெரியுமா? புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். 'எனக்குச் செய்தி வரவில்லை, நீயே சூதானமாக இரு' என்று சொல்வதற்கென்றே ஒரு எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் செல்போனில் இருக்கிற மூன்று செயலியிலும் இந்தப் பதினொன்றாம் எண் இல்லை.

கணினி வந்த பிறகும் நல்ல வழி காட்டியவர்கள் உண்டு. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூர் அதற்கு நடுமையம். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் கடற்கரைக்குச் சொன்னார்கள். கணினி ஒரு அறையில் இருந்தது. அதன் முன் உட்கார்ந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். செய்தி கரைக்குப் போனது குரலாக. தவறாகப் போனால் மறுநாள் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்துத் திட்ட முடியும். அது சின்ன விசயமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று அதே புதுச்சேரிக் கரையில் நல்லவாடு கிராமத்தில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் அடித்தார். ஊரார் அறிவு மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகள் போயின, உயிர்கள் தப்பின. ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அதற்கு நடுவில் ஊரை அறிந்த ஆட்கள்.

நம் மாவட்டத்துக்கும் இது வந்தது. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்போடு கிராம வள மையங்களைத் தொடங்கியபோது, அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த முதல் மூன்றில் ஒன்று தங்கச்சிமடம். மற்ற இரண்டும் திருவையாறும் செம்பட்டியும். மீனவரும் உழவரும் திரையில் விஞ்ஞானியைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், அவர் பதில் சொல்லலாம். பிறகு நாடு முழுக்க நானூற்றுக்கும் மேல் இப்படி மையங்கள் வந்தன. எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் மையம் எதற்கு, ஆள் எதற்கு என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

இன்றைக்கு இந்தக் கரையில் அந்த வேலையை அன்றாடம் செய்கிறது என்றால் பாம்பன் கடல் ஓசை வானொலிதான். 2016 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சமுதாய வானொலி, 90.4. காற்று, அலை, கடல் நிலவரத்தை மீனவர் பேச்சிலேயே சொல்கிறார்கள். மீனவர் கூப்பிட்டுப் பேசுகிறார். எங்கள் ஊருக்கு அந்த அலைவரிசை எட்டாது. ராமேஸ்வரம் போகும்போது கேட்டுவிட்டுப் பொறாமையோடு திரும்புவேன். வயலுக்கு இப்படி ஒன்று இல்லையே என்று. (தனுஷ்கோடி முனைக்குப் போனால் செல்போன் இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். நம் கோபுரம் விட்டுப்போன இடத்திலும் கடல் தாண்டி ஒன்று வந்து நிற்கிறது.)

வயலுக்கு வரவேண்டிய மனிதர்கள் வந்துகொண்டிருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். 2018க்குப் பிறகு இந்திய வானிலைத் துறை, வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை ஏற்படுத்தியது. செவ்வாயும் வெள்ளியும் வருகிற முன்னறிவிப்பை வட்டார அளவுக்குப் பிரித்து, உள்ளூர் பயிருக்கு என்ன பொருள் என்று உள்ளூர் மொழியில் எழுத ஒரு ஆள். நாடு முழுக்க 199 அலகுகள். 2024 தொடக்கத்தில் அத்தனையையும் மூடிவிட்டார்கள். தகவலெல்லாம் தானியங்கியாக வந்துவிடுகிறது, ஆள் தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தகவல் வரலாம். கிழக்கே மின்னல் இறங்கவில்லை, இந்த மழை விதைப்புக்கு ஆகாது என்று தானியங்கி சொல்லுமா?

ஆள் பற்றாக்குறை இன்று நேற்று வந்ததில்லை. 2013இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலேயே, விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 59க்கு அரசிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ எந்த ஆலோசனையும் போய்ச் சேரவில்லை என்று வந்தது. அந்தப் பள்ளத்தைச் செல்போனால் நிரப்பிவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். பள்ளத்தில் நிற்பவன் குரல் மேலே கேட்க வழி செய்யவில்லை.

இந்தோனேசியாவில் நடந்தது நம் இயக்க நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். 1980களில் மருந்தடித்து அடித்தே புகையான் பெருகி நெல் அழிந்தது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989இலிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளி. வாரம் ஒருநாள் இருபது இருபத்தைந்து உழவர்கள் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் சிலந்தி எத்தனை என்று எண்ணி, படம் வரைந்து, தாங்களே முடிவெடுத்தார்கள். என்ன செய்வது என்று எவரும் செய்தி அனுப்பவில்லை. பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து, மரத்தடியில் உட்கார்ந்து பேசியதும் வேறு இல்லை. அவர் பேச்சில் பாதி நேரம் எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்பதுதான்.

எங்கள் ஊரில் நாங்கள் செய்துவருவது மிகச் சின்ன வேலை. விதை போன வருசத்துக்கு அடுத்த வருசம் ஆரம்பித்தோம். அரசின் மழைமானி திருவாடானை, தொண்டி, வட்டாணம், தீர்த்தாண்டதானம், ஆர்.எஸ்.மங்கலம் என்று இருக்கிறது. நடுவில் இருக்கிற எங்கள் வயல்களில் என்ன பெய்தது என்று யாருக்கும் தெரியாது. எனவே நேர்ச்சுவர் உள்ள தகர டப்பா மூன்றை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் இடுப்பளவு குச்சியில் கட்டிவைத்தோம். காலை எட்டரைக்கு ஒரு அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர். இந்தக் கணக்கைச் சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தளம் வழுவழுவென்று நேராக இருக்கவேண்டும். வாய் குறுகின பாத்திரம் ஆகாது. வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவியாகிவிடும்.

ஊரில் பத்தாவது முடித்த ஒரு மருமகள் இருக்கிறார். அவர்தான் எங்கள் நடு ஆள். செயலியில் வருகிற வட்டார முன்னறிவிப்பைப் படித்து, மூன்று டப்பாவின் அளவையும் சேர்த்து, ஒரு நிமிசத்துக்குள் எங்கள் பேச்சில் வாட்ஸ்அப் குரல் பதிவாகப் போடுவார். போன் இல்லாதவர்களுக்கு டீக்கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவார். அவருக்கு மாசத்துக்கு இருபத்தேழு குடும்பம் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுக்கிறோம். இது சம்பளமே இல்லை, தெரியும். ஆனால் தவறாகச் சொன்னால் கேட்கிற உரிமை அந்த இருபது ரூபாயில் வந்துவிடுகிறது, அவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். ஒரு தடவை, வயலுக்கு மழை வரும் என்று அவர் சொல்லி மிளகாய் வற்றலை எல்லாரும் அள்ளி உள்ளே போட்டோம். சொட்டு விழவில்லை. களத்தில் கூடி நின்று அவரைக் கலாய்த்தார்கள். மறுநாளிலிருந்து 'வரும்' என்பதை விட்டுவிட்டு, 'வந்தாலும் வரும், பாதிக்குப் பாதி' என்று சொல்லப் பழகிக்கொண்டார். எந்தச் செயலியும் இவ்வளவு சீக்கிரம் திருந்தி நான் பார்க்கவில்லை.

கேள்விகளும் குரல் பதிவாகத்தான் வருகின்றன. இலையை மேலும் கீழும் இரண்டு படம் எடுத்துப் போடவேண்டும் என்று ஏற்பாடு. சாயல்குடி நண்பர், பரமக்குடிப் பக்கத்தில் ஒரு ஆசிரியர், ராமநாதபுரத்தில் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர், மூன்று பேரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். சில நாள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அப்போது யாராவது ஒருவர் வயலுக்கு வந்து பார்க்கவேண்டும். பஸ் செலவு எங்களுடையது.

குறைகளும் இருக்கின்றன. அந்த மருமகள் பிரசவத்துக்குப் போன மூன்று மாசம் எல்லாம் நின்றுபோனது. இப்போது இன்னொரு பெண்ணையும் பழக்குகிறார். உரக்கடைக்காரர் ஒருவர் குழுவில் புகுந்து விளம்பரம் போட ஆரம்பித்தார், நீக்கவேண்டியதானது, அதில் ஒரு மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை. சின்னம்மா இப்போதும் பலகையைப் பார்க்கமாட்டார். அந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்திக் கேட்பார்.

பலகையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சில நாள் முன்னறிவிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும், டவர் விழுந்து இணையம் வராமல் இருக்கும். அன்றைக்கு அந்தப் பெண் வேறு எதுவும் எழுதாமல் 11 என்று மட்டும் எழுதிவிடுவார். பாம்பன் கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்தப் புரட்டாசியில் மட்டும் நான்கு நாள் 11.

நான் இப்போது விதையில் மூன்றில் ஒரு பங்கைக் குதிரில் வைத்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். இந்த வருசம் ஒரு ஏக்கரை மட்டும் புழுதியில் விதைத்துவிட்டு மற்றதை நிறுத்திவைத்தேன். முதல் மழை மூன்று டப்பாவிலும் 6, 9, 4 மில்லிமீட்டர். ஒன்பது காட்டியது என் வயலை ஒட்டிய டப்பா. விதை எழும்பிவிடுமோ என்று ராத்திரி தூக்கமில்லை. எட்டு நாள் கழித்து ஒரே இரவில் 41. காலையில் சின்னம்மா வரப்பில் நின்று, "இப்பப் போடுப்பா" என்றார்.